அபேண்டன் என்ற சொல்லில் அசை இரண்டா, மூன்றா? அகராதி ஒன்று சொல்கிறது, ஆசிரியர் ஒன்று சொல்கிறார்

#1 பொன்வண்டு

மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலத் தேர்வில் பத்துச் சொற்களைக் கொடுத்து அசை பிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அபேண்டன் என்ற சொல்லை அபேண்-டன் என்று இரண்டாக வெட்டி வைத்திருக்கிறாள். சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் 3 என்று எழுதித் தந்திருக்கிறார் ஆசிரியர். “அகராதியைப் பார்த்துத்தானே படிச்சேன்” என்று ஒரே அழுகை.

நானும் எடுத்துப் பார்த்தேன். வீட்டில் இருப்பது மெரியம் வெப்ஸ்டர். தலைச்சொல்லுக்கு நடுவில் ஒரே ஒரு புள்ளி, அதுவும் மகள் வெட்டிய அதே இடத்தில். இரண்டு துண்டு என்றால் இரண்டு அசைதானே? போட்டோகிராஃபிக்கு மூன்று புள்ளி, நான்கு துண்டு. அதைக் கைதட்டி எண்ணினாலும் நான்குதான் வருகிறது. அப்படியென்றால் அபேண்டனுக்கு மட்டும் என்ன வந்தது? ஆசிரியரிடம் போய்க் கேட்கலாமா, அல்லது நான்தான் எதையோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா?

#2 மைக்கறை

போய்க் கேட்காதீர்கள். ஆசிரியர் சொன்னது சரி. அகராதி சொன்னதும் சரி. நீங்கள் அகராதியிடம் கேட்ட கேள்விதான் வேறு.

முப்பது வருடம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன் நான். தலைச்சொல்லில் இருக்கும் அந்தப் புள்ளி எங்களுக்காகப் போட்டது. வரி முடியும் இடத்தில் சொல் முழுதாக அடங்காவிட்டால் எங்கே ஒடித்துச் சிறுகோடு போடலாம் என்று காட்டுகிற புள்ளி. ஓர் எழுத்தை மட்டும் வரிக் கடைசியில் தனியாகத் தொங்கவிடக் கூடாது என்பது அச்சுத்தொழிலில் பழைய வழக்கம். அபேண்டனில் முதல் எழுத்து ஒன்றே ஓர் அசை. அதற்குப் பின்னால் ஒடித்தால் அந்த எழுத்து அநாதையாக நிற்கும். அதனால்தான் அங்கே புள்ளி இல்லை. உச்சரிப்பு வேண்டுமென்றால் பக்கத்தில் சாய்கோடுகளுக்கு நடுவே இருப்பதைப் பாருங்கள். அங்கே மூன்றாகத்தான் இருக்கும்.

ஒடிக்கும் இடம் நாட்டுக்கு நாடு மாறவும் செய்யும். அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஒலியைப் பார்த்து ஒடிப்பார்கள். பிரிட்டிஷ்காரர்களின் பழைய வழக்கம் சொல் எதிலிருந்து வந்தது என்று பார்த்து ஒடிப்பது. நாலெட்ஜ் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கே, என், ஓ, டபிள்யூ வரைக்கும் “அறி” என்ற வினை இருக்கிறது, அதைச் சிதைக்காமல் அதற்கு அடுத்து வெட்டுவது பிரிட்டிஷ் முறை. அமெரிக்க முறையில் அந்த எல் எழுத்தையும் முன் துண்டோடு சேர்த்துக்கொண்டு வெட்டுவார்கள். ஒரே சொல், ஒரே பொருள், வெட்டு மட்டும் ஓரெழுத்து தள்ளி.

தப்பாக ஒடித்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஒரு சுற்றுலாக் கையேடு. லெஜண்ட்ஸ் என்ற சொல் வரிக் கடைசியில் வந்து, “லெக்” வரை மேலே, “எண்ட்ஸ்” அடுத்த வரியில். கோயிலின் பழங்கதைகள் எல்லாம் கால் நுனிகளாகிவிட்டன. இன்னொரு முறை ரீ-அப்பியர் என்று ஒடிய வேண்டியது, ஆங்கில எழுத்து நான்குக்கு நான்காக ஒடிந்து “ரீப்” மேலே, “பியர்” கீழே. அறுவடையும் பேரிக்காயும். முதலாளி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

#3 நள்ளிரவு_நிரல்

மைக்கறை ஐயா சொன்ன வேலையைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்த கதை எனக்குப் பிடித்த ஒன்று. டொனால்டு நூத் உருவாக்கிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்காக அவருடைய மாணவர் ஃபிராங்க் லியாங் 1983-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வேடு எழுதினார். அகராதியை முழுதாகக் கணினிக்குள் ஏற்ற அப்போது இடம் ஏது? அதனால் “இந்த எழுத்துக்கூட்டம் வந்தால் இங்கே ஒடி, இது வந்தால் ஒடிக்காதே” என்று 4,447 துணுக்கு விதிகளை அகராதியிலிருந்தே பிழிந்து எடுத்தார். பிடிக்குள் வராத 14 சொற்களைத் தனியாகப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஆய்வேட்டின் தலைப்பிலேயே சொற்களை ஒடித்து நடுவில் சிறுகோடு போட்டு அச்சடித்திருக்கிறார் மனிதர்.

அந்த மென்பொருளிலும் ஐயா சொன்ன வழக்கம் உண்டு. ஆங்கிலத்துக்கு முன்பக்கம் குறைந்தது இரண்டு எழுத்து, பின்பக்கம் குறைந்தது மூன்று. அபேண்டனின் முதல் எழுத்தைத் தனியே விடவே விடாது.

#4 பொன்வண்டு

நல்லவேளை, பள்ளிக்குப் போவதற்கு முன் இங்கே கேட்டேன். நன்றி ஐயா. புள்ளியை நம்பக்கூடாது என்றால் பின் எதை வைத்து எண்ணச் சொல்வது? கைதட்டச் சொன்னால் அவள் தட்டுகிற வேகத்தில் எல்லாச் சொல்லுக்கும் ஐந்து வருகிறது.

#5 ஒற்றெழுத்து

தமிழாசிரியர் ஆங்கில இழையில் மூக்கை நுழைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லைத் தமிழில் எழுதுங்கள். புள்ளி வைத்த எழுத்துகளையும் ஆய்தத்தையும் விட்டுவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள். அபேண்டன்: அ, பே, ட. மூன்று. தீர்ந்தது. உயிர் இருக்கும் இடமெல்லாம் ஓர் அசை, ஒற்றுக்குத் தனி உயிர் கிடையாது, அது பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒன்பது ஆங்கில எழுத்து உள்ள ஸ்ட்ரெங்த்ஸ் என்ற சொல்லை எழுதிப் பாருங்கள். புள்ளி இல்லாத எழுத்து “ரெ” ஒன்றுதான். ஆக, அவ்வளவு பெரிய சொல்லுக்கு அசை ஒன்றே ஒன்று.

இதில் இரண்டு குழி உண்டு. ஒன்று, நாம் தமிழில் எழுதும்போது இல்லாத உயிரைப் பல இடத்தில் செருகிவிடுவோம். போட்டோகிராஃபி என்று எழுதினால் போ, டோ, கி, ரா, பி என்று ஐந்து வருகிறது. அந்த “கி” நம் சொத்து. ஆங்கிலக்காரன் வாயில் அது “க்ரா” என்று ஒட்டியே வரும். தமிழ்ச் சொல் ஒற்றில் தொடங்காது என்பதால் நம் நாக்கு இப்படிச் செய்கிறது. கிராமம், பிரம்மா, இஸ்கூல் எல்லாம் இந்த வகைதான். பஸ்ஸு, லைட்டு என்று கடைசியில் ஓர் உகரமும் சேர்ப்போம். அதையும் கழித்துவிடுங்கள்.

இரண்டாவது குழி ஆங்கிலத்தின் பக்கம். எழுத்தில் இருக்கும் உயிரை அவர்கள் பேச்சில் விழுங்கிவிடுவார்கள். வெஜிடபிள் என்று நாம் நான்காகச் சொல்வது அங்கே வெஜ்-ட-பிள், மூன்று. கம்ஃபர்டபிள் என்பது கம்ஃப்-ட-பிள் ஆகிவிடும்.

இன்னொன்று, இது என் தனிப்பட்ட முணுமுணுப்பு. சிலபிள் என்பதற்கு அசை என்று மொழிபெயர்த்துவிட்டார்கள், புழங்கியும் விட்டது. ஆனால் யாப்பில் நிரையசை என்றால் இரண்டு உயிர். “மலர்” என்பது யாப்பில் ஓர் அசை. கைதட்டினால் ம-லர், இரண்டு. இந்த இழையில் அசை என்றால் கைதட்டும் கணக்கு என்று வைத்துக்கொள்வோம், தொல்காப்பியர் மன்னிக்கட்டும்.

#6 ஹெட்செட்

எண்ணிக்கை சரியாக வந்துவிட்டால் உச்சரிப்பு சரியாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் பன்னிரண்டு வருடமாக வெளிநாட்டு அழைப்புகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவன். நம் பிள்ளைகள் அசையை எண்ணுவதில் தவறுவது குறைவு. அழுத்தம் விழும் இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

அகராதி போடுகிற மாதிரியே, அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ஒரு மேற்குறி (') போட்டு எழுதுகிறேன். முன்னால் என்பதைக் கவனியுங்கள். குறிக்குப் பின்னால் வருவதைத்தான் அழுத்த வேண்டும். இதையே தலைகீழாகப் படிப்பவர்கள் நிறையப் பேர்.

'ஃபோ-ட-க்ராஃப்
ஃப-'டா-க்ர-ஃபி
ஃபோ-ட-'க்ரா-ஃபிக்

ஒரே குடும்பம். பின்னொட்டு மாற மாற அழுத்தம் நகர்கிறது. அழுத்தம் எங்கே போகிறதோ அங்கே உயிர் பளிச்சென்று கேட்கும். அது விட்டுப்போன இடத்தில் உயிர் மங்கிவிடும். முதல் சொல்லில் “ஃபோ” தெளிவாக இருக்கிறது, இரண்டாவதில் அதே எழுத்து வெறும் “ஃப” ஆகிவிட்டது பாருங்கள். எழுத்து மாறவில்லை, ஒலி மாறிவிட்டது. நாம் மூன்றையும் போட்டோ, போட்டோ, போட்டோ என்று ஒரே மாதிரி தொடங்குவோம்.

எங்கே விழும் என்று கண்டுபிடிக்க நீளமான சொற்களில் வாலைப் பாருங்கள். ஷன், இக், இட்டி, லாஜி, கிராஃபி என்று முடிந்தால் அந்த வாலுக்கு ஒட்டி முன்னால் உள்ள உயிரில் அழுத்தம். இ-'லெக்-ட்ரிக், இ-லெக்-'ட்ரி-சி-டி, இ-லெக்-'ட்ரி-ஷன். ப-'யா-ல-ஜி. விலக்கு இல்லாமல் இல்லை. அரபிக், லூனடிக், பாலிடிக்ஸ், கத்தோலிக் எல்லாம் இக் வாலோடு இருந்தும் முதல் அசையிலேயே அழுத்தம் வாங்கும். எஞ்சினியர், எம்ப்ளாயீ மாதிரி சில வால்கள் அழுத்தத்தைத் தாங்களே பிடுங்கிக்கொள்ளும்: எஞ்-ஜி-'னியர். ஆனால் கமிட்டி அப்படி இல்லை, க-'மி-டி.

கமிட்டி என்றதும் ஒரு விஷயம். பழைய வேலையில் ஒரு கூட்டத்தில் நான் “பட்ஜெட் கமிட்டி” என்றேன், அழுத்தத்தை முதலில் போட்டு. எதிர்முனையில் ஒரு நொடி மௌனம். அப்புறம், “பட்ஜெட் காமெடியா?” என்று கேட்டார்கள். எழுத்துக்கூட்டெல்லாம் சரியாகத்தான் சொன்னேன். அழுத்தம்தான் காமெடிக்குரிய இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

#7 எதிர்வாதம்

அது உங்கள் எதிர்முனை ஆளின் காதுக் கோளாறு. இந்தியர்கள் கோடிக்கணக்கில் 'டெவ்-லப் என்றுதான் சொல்கிறோம். ஒருவருக்கொருவர் புரிகிறது. டி-'வெ-லப் என்றுதான் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. லேபரட்டரியை பிரிட்டிஷ்காரன் ல-'பா-ர-ட்ரி என்கிறான், அமெரிக்கன் 'லேப்-ர-டோ-ரி என்கிறான். அட்வர்டைஸ்மெண்டும் அப்படித்தான், அவன் 'வர்' மேல் அழுத்துகிறான், இவன் 'டைஸ்' மேல் அழுத்துகிறான். அவர்கள் மாற்றினால் வழக்கு, நாம் மாற்றினால் பிழையா?

#8 ஹெட்செட்

சகோ, பிழை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. நமக்குள் பேசும்போது 'டெவ்-லப் என்றே சொல்லுங்கள், நானும் வீட்டில் அப்படித்தான். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்த காது சொல்லை எப்படிப் பிடிக்கிறது என்பது தனி விஷயம். அது அழுத்தமான அசையைத் தேடிப் பிடித்து, அதைச் சுற்றித்தான் மிச்சத்தைக் கட்டுகிறது. தமிழில் நாம் ஏறக்குறைய எல்லா அசைக்கும் ஒரே எடை கொடுப்பவர்கள், நமக்கு இது விநோதமாக இருக்கும்.

அவர்களுக்கு அது எவ்வளவு ஊறிப்போன விஷயம் என்பதற்குத் திட்டு ஒன்றே சாட்சி. அப்-ஸ-'லூட்-லி என்ற சொல்லுக்கு நடுவில் “பிளடி”யைச் செருகி அப்ஸோ-பிளடி-லூட்லி என்பார்கள். செருகுவது எப்போதும் அழுத்தம் விழும் அசைக்குச் சற்று முன்னால்தான். அப்-பிளடி-ஸலூட்லி என்று எந்தக் குடிகாரனும் சொல்ல மாட்டான். இலக்கணப் புத்தகம் எதையும் திறக்காதவனுக்கும் இது தெரியும்.

லேபரட்டரி பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அதற்கு என்னிடம் பதில் இல்லை, எந்த ஊர்க்காரரோடு பேசுகிறோமோ அந்த ஊர் மாதிரி சொல்லச் சொல்கிறேன்.

#9 ஒற்றெழுத்து

அந்த மங்கலான உயிருக்குத் தமிழில் எழுத்து இல்லைதான். ஆனால் கருத்து இல்லாமல் இல்லை. “காசு” என்று சொல்லிப் பாருங்கள். கடைசி உகரத்துக்கு உதட்டை முழுதாகக் குவிக்க மாட்டீர்கள். குற்றியலுகரம், மாத்திரை பாதியாகக் குறைந்த உயிர். நமக்கு அது சொல்லின் கடைசியில் வருகிறது, ஆங்கிலத்தில் அழுத்தம் இல்லாத எந்த அசையிலும் வரலாம். ஒலி அதே ஒலி இல்லை. உயிர் குறுகித் தேயும் என்கிற யோசனை மட்டும் ஒன்று. பனானாவில் நடு “னா” மட்டும் முழு உயிர், இரண்டு ஓரமும் தேய்ந்தவை. என் மாணவர்களுக்கு இப்படிச் சொல்லித்தான் புரியவைக்கிறேன்.

#10 வெள்ளுடை

செவிலியர் மாணவிகளுக்குப் பாடம் எடுப்பவள். நீங்கள் எல்லோரும் அசையையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் பாடத்தில் அசைப்படி வெட்டினால் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள்.

பித்தப்பையை வெட்டி எடுக்கும் அறுவை: கோலிசிஸ்டெக்டமி. வாயால் சொல்லும்போது கோ-லி-சிஸ்-'டெக்-ட-மி, ஆறு அசை. முதல் வருடப் பிள்ளைகள் இந்த ஆறையும் மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்கிறார்கள். அடுத்த சொல் வந்தால் அடுத்த மந்திரம். நான் கரும்பலகையில் வேறு மாதிரி வெட்டுவேன். கோலி என்றால் பித்தம். சிஸ்ட் என்றால் பை. எக் என்றால் வெளியே. டமி என்றால் வெட்டு. பித்தப்பையை வெட்டி வெளியே எடு. எல்லாம் கிரேக்கம். அந்த வெட்டு எங்கெல்லாம் வருகிறது பாருங்கள்: அனாட்டமி என்பது வெட்டிப் பார்ப்பது. ஆட்டம் என்றால் வெட்ட முடியாதது, அணு.

வாலில் ஓர் அசை மாறினால் ஆளுக்கு நடப்பதே மாறிவிடும். எக்டமி என்றால் உறுப்பு போய்விட்டது. ஆட்டமி என்றால் கீறித் திறந்தார்கள், அவ்வளவுதான். ஆஸ்டமி என்றால் வாய் மாதிரி ஒரு துளை வைத்திருக்கிறார்கள், அந்தத் துளையைப் பராமரிப்பது இனி செவிலியரின் வேலை. கோலனோடு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கோலெக்டமி, கோலாட்டமி, கோலாஸ்டமி. வேகமாகச் சொன்னால் மூன்றும் ஒன்று மாதிரி இருக்கும். கேஸ் ஷீட்டில் தப்பாக எழுதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டாம்.

காது மூக்கு தொண்டை மருத்துவருக்கும் பெரிய பெயர் உண்டு: ஓட்டோரைனோலாரிங்காலஜிஸ்ட். ஒன்பது அசை. உள்ளே காது, மூக்கு, குரல்வளை வரிசையாக நிற்கின்றன, கடைசியில் துறைக்காரர். புரிந்தபின் யாரும் அதை மனப்பாடம் செய்வதில்லை.

#11 பொன்வண்டு

மேடம், ஒரு சந்தேகம். சிஸ்ட் என்பது பை என்கிறீர்கள். ஆனால் அசை வெட்டும்போது சிஸ்-டெக் என்று அந்த “ட்” பையிலிருந்து கழன்று அடுத்ததோடு போய்விட்டதே?

#12 ஒற்றெழுத்து

மேடத்துக்கு முன்னால் நான் குதித்துவிடுகிறேன், ஏனென்றால் இது நன்னூல். “உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே.” சிஸ்ட் என்பதன் கடைசி ஒற்றின் மேல் எக் என்ற உயிர் வந்து ஏறிக்கொண்டது. பால் + ஆடை பாலாடை ஆன மாதிரி. பொருளின் எல்லையும் வாயின் எல்லையும் பிரிந்துவிட்டன.

நம் பகுபத உறுப்பிலக்கணத்திலும் இதே கதைதான். நடந்தனன் என்பதை எப்படிப் பிரிப்போம்? நட + த்(ந்) + த் + அன் + அன். பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி. இப்போது கைதட்டுங்கள்: ந-டந்-த-னன். எல்லா வெட்டும் ஒத்துப்போகிறதா? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இதைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது, ஆங்கிலத்துக்கு வந்தால் மட்டும் குழம்புகிறோம்.

#13 நள்ளிரவு_நிரல்

இதற்கு நான் சொல்லும் உதாரணம் ஹெலிகாப்டர். எல்லோரும் ஹெலி + காப்டர் என்று நினைக்கிறோம், ஹெலிபேட் என்று புதுச் சொல்லே உண்டாகிவிட்டது. உண்மையில் ஹெலிகோ என்றால் சுருள், ப்டர் என்றால் இறக்கை. டெரோடாக்டைல் என்ற பறக்கும் ஊர்வனவின் பெயரிலும் அதே ப்டர்தான் முன்னால் நிற்கிறது. அங்கே ஆங்கில வாயால் “ப்ட” என்று தொடங்க முடியாமல் ப் ஊமையாகிவிட்டது. ஹெலிகாப்டரில் முந்தைய அசை அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டது.

ஹாம்பர்கரும் அப்படித்தான். ஹாம்பர்க் ஊர்க்காரன் என்பது ஹாம் + பர்கர் ஆகி, இன்று தெருமுனையில் பன்னீர் பர்கர் விற்கிறார்கள். அசைப்படி தப்பாக வெட்டியவர்கள்தான் ஜெயித்தார்கள்.

#14 கொடுக்காப்புளி

நியூமோனோஅல்ட்ராமைக்ராஸ்காபிக்சிலிகோவால்கனோகோனியோசிஸ். யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன், கடைசியில் நானே சொல்லிவிட்டேன்.

#15 மைக்கறை

வரிக் கடைசியில் இது வந்திருந்தால் அன்றைக்கே ராஜினாமா கொடுத்திருப்பேன்.

#16 வெள்ளுடை

45 எழுத்து, 19 அசை. எந்த வார்டிலும் எந்த மருத்துவரும் எழுத மாட்டார். அமெரிக்கப் புதிர் விரும்பிகள் சங்கத்தின் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித் 1935-இல் வேண்டுமென்றே நீளமாகக் கட்டிய சொல் அது. நிஜத்தில் நாங்கள் எழுதுவது சிலிகோசிஸ். ஆனால் துண்டு துண்டாகப் பார்த்தால் ஒழுங்காகத்தான் கட்டியிருக்கிறார்: நுரையீரல், மிக மிக நுண்ணிய, சிலிக்கா, எரிமலை, தூசி, நோய்.

#17 பொன்வண்டு

மகளோடு உட்கார்ந்து முழு இழையையும் படித்தேன். மதிப்பெண் விஷயத்தில் சமாதானம். ஆனால் இப்போது புதிதாக ஒரு கேள்வி கிளப்பியிருக்கிறாள். தெர்மாமீட்டரை தர்-'மா-மி-டர் என்று சொல்ல வேண்டுமாம், 'சென்-டி-மீ-டர் மட்டும் முதலில் அழுத்த வேண்டுமாம். இரண்டிலும் மீட்டர்தானே, ஏன் என்கிறாள்.

#18 ஹெட்செட்

கெட்டிக்காரப் பெண். அளக்கும் கருவி என்றால் மீட்டருக்கு முந்தைய உயிரில் அழுத்தம்: தெர்மாமீட்டர், பாரோமீட்டர், ஸ்பீடாமீட்டர். அளவு என்றால் முதலில்: சென்டிமீட்டர், மில்லிமீட்டர். கிலோமீட்டர் அளவுதான், முறைப்படி 'கி-ல-மீ-டர். ஆனால் கருவிகளின் கூட்டத்தைப் பார்த்து அதுவும் கி-'லா-மி-டர் ஆகிவிட்டது. இங்கிலாந்தில் இதற்கு இன்னும் சண்டை போடுகிறார்கள். இரண்டும் அகராதியில் உண்டு. நம் எதிர்வாதம் சகோவுக்கு இதை அன்பளிப்பாகத் தருகிறேன்.

#19 எதிர்வாதம்

ஏற்றுக்கொண்டேன்.

#20 பொன்வண்டு

கடைசியாக ஒன்று. அகராதியில் புள்ளியே இல்லாத நீளமான சொல்லைத் தேடுகிறேன் என்று நேற்று இரவெல்லாம் புரட்டிக்கொண்டிருந்தாள். நீளமானது கிடைக்கவில்லை. “ஐடியா” கிடைத்தது. ஆங்கிலத்தில் நான்கே எழுத்து. மைக்கறை ஐயா சொன்ன கணக்குப்படி முன்னால் ஒடித்தால் ஓரெழுத்து தொங்கும், பின்னால் ஒடித்தாலும் ஓரெழுத்து தொங்கும், அதனால் எங்கேயும் புள்ளி இல்லை. தமிழில் எழுதினால் ஐ, டி, யா. மூன்று அசை. நாளைக்கு அகராதியைப் பையில் வைத்துக்கொண்டு போய் ஆசிரியரிடம் காட்டப் போகிறாளாம். பை ஏற்கெனவே ஆறு கிலோ.